மைனர் வீட்டுப் பிள்ளை

தங்கவயல்காரனுக்கு யாரும் இங்கிலீஷ் சொல்லித்தர வேண்டாம் என்று எங்கள் ஊருக்கே ஒரு மிதப்பு உண்டு. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்து இறங்கியதிலிருந்து கார்ன்வால் சுரங்கக்காரர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் பேசிப் பேசி, ஊருக்கு 'லிட்டில் இங்கிலாந்து' என்றே பேர். சிவசமுத்திரத்திலிருந்து 1902-லேயே கரண்ட் வந்த இடம் சார் இது. ஊர் உலகம் சிம்னி துடைத்துக்கொண்டிருந்தபோது இங்கே ஸ்விட்ச் போட்டார்கள். அத்தனை வெளிச்சத்திலும் என் கண்ணுக்கு ஸ்பெல்லிங் மட்டும் தெரியவில்லை.

காதால் கற்ற இங்கிலீஷ் என்னுடையது. பேசினால் மாட்டமாட்டேன். பேனாவை எடுத்தால் தொலைந்தேன்.

அப்பா சாம்பியன் ரீஃபில் மைனர். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம், பாறையே சுடும். அவர் ரிட்டயர் ஆனபின் ஏதோ ஒரு விண்ணப்பம், நிரப்பியது நான். 'இ' போட வேண்டிய இடத்தில் 'ஓ' போட்டுவிட்டேன். கவுன்டரில் இருந்தவர் படித்துவிட்டு, "விண்ணப்பதாரர் வயசு வராதவர்னா கார்டியன் கையெழுத்து வேணுமே?" என்றார். நரைத்த மீசையோடு அப்பா பக்கத்திலேயே நிற்கிறார். திருத்தித் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். பதற்றத்தில் கார்டியன் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். வீட்டில் விஷயம் தெரிந்ததும் அம்மாவுக்குத்தான் தாங்கவில்லை. "இவரா மைனரு? ஊருக்கெல்லாம் தங்கம் தோண்டினாரு, கழுத்துல ஒரு செயின் போட்டிருப்பாரா?"

என் மனைவி கான்வென்ட் படிப்பு, காரணமெல்லாம் சொல்வாள். ஒரு மைனர் லத்தீனிலிருந்து வந்தவனாம், இன்னொருவன் பழைய பிரெஞ்சிலிருந்து. 1476-ல் காக்ஸ்டன் என்பவர் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் வைத்தபிறகு எழுத்து மெல்ல மெல்ல உறைந்துபோக, உச்சரிப்பு தன் போக்கில் போய்விட்டதாம். அன்றிலிருந்து நானும் என் மைத்துனரும் மாதிரி, ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

ராபர்ட்சன்பேட்டை வீட்டு மாடியை வாடகைக்கு விட போர்டு எழுதினேன். அமைதியான வீடு என்று அர்த்தம் வரவேண்டும். 'குயட்' எழுதப்போய், கடைசி இரண்டு எழுத்து இடம் மாறி 'க்வைட்' ஆகிவிட்டது. பார்க்க வந்தவர் வாத்தியார். "ரொம்பன்னு போட்டிருக்கீங்க, ரொம்ப என்ன சார்? ரொம்பச் சின்னதா, ரொம்பப் பழசா?" உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள்: "ரெண்டும்தாங்க!"

ஸ்டேஷனரிக்கு அவளே ஒரு சூத்திரம் தந்தாள். என்வலப் விற்கிற கடைக்கு 'இ', அசையாமல் நிற்பதற்கு 'ஏ'. மாரிகுப்பத்தில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வந்த காலம் அது. பங்காரப்பேட்டையில் வண்டி நிற்கும்போதெல்லாம் 'ஏ... ஏ...' என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகினேன். எதிர் சீட்டுப் பெரியவர் கொஞ்சநாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்னையா தம்பி கூப்பிடுறே? மரியாதையாக் கூப்பிடு" என்றார்.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் கோல்டு மைன்ஸை மூடினார்கள். திறக்கச் சொல்லி அப்புறம் போகாத மனு இல்லை. எங்கள் தெரு மனுவை எழுதும் வேலை, தெருவில் வேறு ஆளே இல்லாத மாதிரி, என்னிடம் வந்தது. பூமிக்குள் தங்கம் இன்னும் 'வெயினில்' கிடக்கிறது என்று உருக்கமாக எழுதினேன். தங்க ரேகை என்றால் 'வி'-க்கு அடுத்து 'இ' வரவேண்டும். நான் போட்டது 'ஏ'. தங்கம் வீணாய்க் கிடக்கிறது என்றாகிவிட்டது.

மனைவி சிவப்புப் பேனாவோடு வந்து உட்கார்ந்தாள். அந்த வரியை ரெண்டு தரம் படித்தாள். பேனாவை மூடினாள்.

"இது ஒண்ணுதாங்க சரியா எழுதியிருக்கீங்க."