திருநீறு போட்டால் உள்ளே, டவுசர் போட்டால் வெளியே

சித்திரை வெயிலில் திருக்கோவிலூர்க் கோயில் கருங்கல்லில் வெறுங்காலோடு ஒரு சுற்று வந்தவருக்கு, உலகளந்த பெருமாள் ஏன் ஒரு காலைத் தூக்கிக்கொண்டே நிற்கிறார் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. மூன்றடி மண்தானே என்று தாரை வார்த்த மன்னன் மாவலி, செருப்புக் கடைக்காரர் முதலில் கேட்கும் கேள்வியைக் கேட்கவில்லை: கால் என்ன சைஸ்? வந்தது குடையும் கமண்டலமுமாக, பிரம்மச்சாரி உடுப்பில், குள்ளப் பையனாக அதே பெருமாள். உடுப்பைப் பார்த்தார், நம்பினார், நாடு போயிற்று.

அதற்குப் பிறகும் இந்த ஊர் திருந்தவில்லை. இங்கிருந்து ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரின் வாசல் விதி மிக எளிது: நீறும் சடையும் இருந்தால் உள்ளே விடு. போரில் தோற்றுத் தோற்று அலுத்துப்போன பகையரசன் முத்தநாதன் இந்த விதியை நன்றாகப் படித்துவிட்டான். உடம்பெல்லாம் நீறு, தலையில் சடை, கையில் ஏட்டுக்கட்டு, கட்டுக்குள் கத்தி. எல்லா வாயிலிலும் கும்பிட்டு வழிவிட்டார்கள். கடைசி வாயிலில் தத்தன் மட்டும், ராஜா தூங்குகிறார், அப்புறம் வாருங்கள் என்று தடுத்துப் பார்த்தான். பெரிய புராணத்திலேயே வாட்ச்மேன் வேலை தெரிந்த ஒரே ஆள் அவன்தான் என்பது என் கட்சி. சாமியார் கேட்கவில்லை, உள்ளே போனார், கட்டைப் பிரித்தார், குத்தினார். வாளோடு பாய்ந்த தத்தனிடம் அரசர், இவர் நம்மவர், பத்திரமாக ஊர் எல்லை தாண்டி விட்டுவிட்டு வா என்றார். பக்தியின் உச்சம் என்கிறார் சேக்கிழார், மறுக்கவில்லை. ஆனால் முத்தநாதன் அன்று டவுசரும் ரப்பர் செருப்புமாக வந்திருந்தால் முதல் வாயிலிலேயே கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருப்பார்கள். அரசர் பிழைத்திருப்பார். அறுபத்துமூவர் அறுபத்திருவராகியிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

1896 ஆகஸ்ட் கடைசியில், மதுரையிலிருந்து வீட்டுக்குச் சொல்லாமல் வந்த பதினாறு வயதுப் பையன் ஒருவன் இங்கே கீழையூரில் காதுக் கடுக்கனை நாலு ரூபாய்க்கு அடகு வைத்துவிட்டு ரயிலேறினான். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் இறங்கி, வேட்டியைக் கிழித்து ஒரு கோவணத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை எறிந்தான். பிறகு ரமணர் ஆன அவனுக்கு 1950இல் மறையும்வரை அதுதான் உடை. அந்த வெயிலுக்கு அதைவிடப் புத்திசாலித்தனமான முடிவு கிடையாது. கோட்டு சூட்டுக்காரர்களெல்லாம் வந்து கீழே உட்கார்ந்தார்கள்.

டவுசர் முழங்காலைக் காட்டுகிறது என்பதுதான் இன்றைய புகார். ஆனால் பெரியவர்கள் எப்போதுமே முழங்காலை மூடச் சொன்னார்கள் என்பது கட்டுக்கதை. 1930இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்களுக்குப் போட்ட எட்டுத் தடைகளை மானிடவியலாளர் ஹட்டன் எழுதி வைத்திருக்கிறார். முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக் கூடாது. சட்டை கூடாது, குடை கூடாது, செருப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. அன்று மூடினால் திமிர், இன்று காட்டினால் திமிர்.

2014 ஜூலையில் சேப்பாக்கத்து கிரிக்கெட் சங்க கிளப், வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனையே வாசலில் நிறுத்தியது. அடுத்த மாதமே ஜெயலலிதா அரசு சட்டம் கொண்டுவந்தது: வேட்டியைத் தடுத்தால் ஓராண்டுவரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். டவுசருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2016 ஜனவரி 1 முதல் கோயில்களில் ஆண்களுக்கு வேட்டி, பைஜாமா, பேண்ட்-சட்டை என்று நீதிமன்ற ஆணையே வந்தது. சில வாரங்களில் இரு நீதிபதிகள் அமர்வு அதை நிறுத்தி வைத்தது. கத்தி இருக்கிறதா என்று பார்க்க இரண்டு ஆணையிலும் யாரும் சொல்லவில்லை.

டவுசர்மேல் நம்மவர்களுக்கு உண்மையில் என்ன கோபம்? டீக்கடையில் பாருங்கள். நாலு பேர் லுங்கியை மடித்துக் கட்டி நிற்கிறார்கள். பட்டாப்பட்டி அண்டர்வேர் கீழே இரண்டு விரற்கடை எட்டிப் பார்க்கிறது. எந்த டவுசரைவிடவும் அது உயரம். மாமனார் தலை தெரிந்ததும் மடிப்பு அவிழ்ந்து லுங்கி கணுக்காலுக்கு இறங்கும். ‘வாங்க மாமா.’ மரியாதை முடிந்தது. மாமா திரும்பியதும் மறுபடி ஏறும். டவுசர் மாட்டிய மருமகனுக்கு இறக்கிவிட ஒன்றும் இல்லை. கிளாஸும் கையுமாக முழிக்கிறான்.

மாமா டீயை நிதானமாக ஊதிக் குடித்துவிட்டுக் கேட்கிறார்: “ஏன் மாப்ள, மீதித் துணிய தையக்காரனே வச்சிக்கிட்டானா?”