குவளையும் கொள்கையும்: டீக்கடை அரசியல் கருத்துகளின் நீளம் குறித்து ஓர் ஆய்வு

தமிழ்நாட்டில் அரசியல் கருத்துகள் எங்கே உற்பத்தியாகின்றன என்ற கேள்விக்குக் கட்சி மாநாடு என்பார் சிலர். தொலைக்காட்சி விவாதம் என்பார் சிலர். இளைய தலைமுறை ஆய்வாளர்கள் வாட்ஸ்அப் குழுவைக் காட்டுவார்கள். இவை மூன்றும் விநியோக மையங்கள். உற்பத்திக்கூடம் டீக்கடை பெஞ்ச். இதை ஒப்புக்கொண்டுதான் ஒரு நாளிதழ் தன் அரசியல் கிசுகிசுப் பகுதிக்கு அந்தப் பெஞ்சின் பெயரையே வைத்தது. 2014 நாடாளுமன்றத் தேர்தலின்போது 'சாய் பே சர்ச்சா' என்று டீக்கடைகளைப் பிரசார மேடையாக்கியது பா.ஜ.க. எந்தக் கட்சி வேட்பாளராக இருந்தாலும் தேர்தல் வந்துவிட்டால் ஒரு டீயாவது ஆற்றிக் காட்டாமல் ஓட்டுக் கேட்பதில்லை. உற்பத்திக்கூடத்துக்கு இவ்வளவு மரியாதை செய்தவர்கள் உற்பத்திக் கருவியைக் கவனிக்கத் தவறிவிட்டார்கள். அந்தக் குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம். ஒருவர் சொல்லும் அரசியல் கருத்து எவ்வளவு தூரம் நீளும் என்பதை அவருடைய கட்சியோ படிப்போ வயதோ தீர்மானிப்பதில்லை. அவருக்கு டீ எதில் ஊற்றிக் கொடுக்கப்பட்டது என்பதே தீர்மானிக்கிறது.

கண்ணாடி கிளாஸை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்குவது டீயை மட்டும்தான், கிளாஸ் கடைக்காரருடையது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கடையின் எல்லையைத் தாண்டினால் மாஸ்டர் குரல் கொடுப்பார். ஆகவே கிளாஸை வாங்கிய கணத்திலிருந்து அதைத் திருப்பி வைக்கும் கணம் வரை குடிப்பவர் ஒருவகைப் பிணைக்கைதி. இந்நிலைக்கு 'குவளைக் கடப்பாடு' என்று பெயரிடுகிறோம். கடப்பாட்டின் கால அளவை நிர்ணயிப்பது சூடு. விளிம்பைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகக் கவ்வினால்தான் கிளாஸைப் பிடிக்கவே முடியும். உடனே குடிக்க வழியில்லை. பக்கத்தில் பெஞ்ச் இருக்கிறது, அதில் நாளிதழின் நடுத்தாள் தனியாகக் கழன்று கிடக்கிறது, தாளுக்கு அந்தப்பக்கம் இன்னொரு பிணைக்கைதி உட்கார்ந்திருக்கிறார். இந்தச் சூழலில் கருத்து பிறக்காவிட்டால்தான் வியப்பு. முதலில் வருவது தீர்ப்பு: "இந்த ஆட்சி சரியில்லப்பா." சூடு தணிந்து கிளாஸ் பாதியாகும்போது சான்றுகள் வருகின்றன: ரேஷன் கடையில் நின்ற வரிசை, வராத பஸ், மச்சினன் ஊரில் மழைக்குக் கரைந்துபோன புது ரோடு. அடுத்தது மறுப்பு: "அவங்க இருந்தப்ப மட்டும் என்ன வாழ்ந்துச்சாம்?" இதற்குப் பதில் சொல்லாமல் எழுந்து போக முடியாது, ஏனெனில் கிளாஸில் இன்னும் இரண்டு மடக்கு மிச்சமிருக்கிறது. தமிழக ஜனநாயகத்தின் சமரசங்கள் பெரும்பாலும் அந்த இரண்டு மடக்கில்தான் எட்டப்பட்டிருக்கின்றன.

பேப்பர் கப்பில் இந்தக் கடப்பாடு பூஜ்யம். டீயோடு சேர்த்துக் கப்பையும் வாங்கியாகிவிட்டது. கடைக்கு அதன்மேல் எந்த உரிமையும் இல்லை, அக்கறையும் இல்லை. வாங்கியவர் நாலடி தள்ளி நிற்கும் தன் பைக்கின் மேல் சாய்ந்துகொள்ளலாம், நடந்துகொண்டே குடிக்கலாம், பஸ் வந்தால் ஏறிவிடலாம். அளவிலும் அது சிறிது. ஐந்தாறு மடக்கில் அடி தெரிந்துவிடும். ஆகவே கருத்து தீர்ப்போடு நின்றுவிடுகிறது. சமகாலக் கருத்துகளை ஆராய்ந்தால் இது விளங்கும். சித்திரை வெயில் அடித்தால் "மரத்தையெல்லாம் வெட்டினா இப்படித்தான்." கார்த்திகையில் மழை கொட்டினால் "ஏரியிலெல்லாம் வீட்டைக் கட்டினா இப்படித்தான்." செயற்கை நுண்ணறிவு பற்றிக் கேட்டால் "இன்னும் அஞ்சு வருஷத்துல யாருக்கும் வேலை இருக்காது." தேர்தல் முடிவு எதுவானாலும் "எல்லாம் காசுதான்." இவற்றில் எதையும் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் எந்த மரம், யார் வெட்டியது, மரம் நின்ற ரோட்டை அகலப்படுத்தச் சொல்லி மனுக் கொடுத்தவர்கள் யார் என்பவையெல்லாம் அடுத்த கட்டத்துக் கேள்விகள். அவற்றை எழுப்ப ஆள் வாய் திறக்கும்போது கப் குப்பைக்கூடைக்கு வெளியே விழுந்திருக்கிறது, கருத்தாளர் சிக்னலைத் தாண்டியிருக்கிறார்.

இத்துறையின் முன்னோடிகள் இவ்விஷயத்தைத் தொட்டும் தொடாமலும் போயிருக்கிறார்கள். ஜெர்மானிய அறிஞர் யூர்கன் ஹாபர்மாஸ் 1962இல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற நூலில், ஐரோப்பாவில் பொதுக்கருத்து என்ற ஒன்று உருவானதில் காப்பிக் கடைகளுக்குப் பங்குண்டு என்று நிறுவினார். காப்பி எந்தப் பாத்திரத்தில் தரப்பட்டது என்ற கோணத்தில் அவர் தம் கோட்பாட்டை வளர்க்காதது அறிவுலகுக்கு நேர்ந்த இழப்பு. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் இன்னும் நேரடியாக இறங்கினார். காப்பிக் கடைகளில் உட்கார்ந்துகொண்டு அரசைப் பற்றிப் பொய்யும் அவதூறும் பரப்புகிறார்கள் என்று குற்றம் சாட்டி, 1675 டிசம்பர் 29 அன்று அக்கடைகளையே மூடச் சொல்லிப் பிரகடனம் செய்தார். எதிர்ப்பு கிளம்பியதும் இரண்டு வாரத்துக்குள் அதைத் திரும்பப் பெற்றார். "இங்கு அரசியல் பேசாதீர்கள்" என்று நம் கடைச் சுவர்களில் தொங்கும் பலகை அந்தப் பிரகடனத்தைவிட நீண்ட ஆயுள் உடையது; அதற்குக் கீழே உட்கார்ந்துதான் எல்லோரும் அரசியல் பேசியிருக்கிறார்கள். மன்னருக்கோ பலகை எழுதியவருக்கோ பேப்பர் கப் வாய்த்திருந்தால் பிரகடனமும் வேண்டியிருக்காது, பலகையும் வேண்டியிருக்காது.

இயற்பியல் சான்றும் நம் பக்கம் இருக்கிறது. பேப்பர் கப்பின் உட்புறத்தில் டீ ஊறி ஒழுகாதிருக்க மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று உண்டு. காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட முடிவின்படி, 85 முதல் 90 டிகிரி செல்சியஸ் சூடுள்ள 100 மில்லி திரவம் அத்தகைய கப்பில் 15 நிமிடம் இருந்தால் சுமார் 25,000 நுண் பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலக்கின்றன. உடல்நல ஆர்வலர்கள் இந்த எண்ணிக்கையைக் கண்டு அஞ்சினார்கள். அரசியல் ஆய்வாளன் கவனிக்க வேண்டியது 15 நிமிடத்தை. ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் போகிறவரைவிட, சான்று காட்டி, மறுப்பைக் கேட்டு, பதில் சொல்லி முடிக்கிறவருக்கே பிளாஸ்டிக் அதிகம் சேர்கிறது. நிதானமாகப் பேசுவதற்கு அபராதம் விதிக்கும் பாத்திரம் வரலாற்றில் வேறு ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. தமிழக அரசு ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களை 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தபோது, பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் பட்டியலில் இருந்தது. உற்பத்தியாளர்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023இல் அந்தத் தடை செல்லும் என்றது. தடைக்குச் சொல்லப்பட்ட காரணம் சுற்றுச்சூழல். ஜனநாயகத்தின் பேரிலும் அதை நியாயப்படுத்தியிருக்கலாம் என்பது நம் பணிவான கருத்து. தடைக்குப் பிறகும் கப் எங்கும் புழங்குகிறதே என்று கேட்பவர்கள், கருத்துகள் இன்னும் தீர்ப்போடு நின்றுவிடுவதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

எதிர்வாதங்களுக்கு வருவோம். முதல் எதிர்வாதம் எளிது: குற்றவாளி கப் அல்ல, செல்போன். இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. 2016இல் வந்த யு.பி.ஐ. முறை டீக்கடையில் இன்னொரு கடப்பாட்டை ஒழித்தது. மீதிச் சில்லறைக்காக நிற்கும் நேரம் போயிற்று. முன்பு மாஸ்டர் கல்லாவைத் துழாவும் இடைவெளியில் ஒரு மாநில பட்ஜெட்டையே அலசிவிட முடியும். இப்போது கல்லாவுக்குப் பக்கத்துப் பெட்டி ரூபாய் வந்து சேர்ந்ததை உரக்க அறிவித்துவிடுகிறது. இருந்தாலும் செல்போன் தனியாகச் செயல்படவில்லை. கிளாஸைப் பிடிக்க ஒரு கை, சூட்டுக்கு மாற்றிப் பிடிக்க இன்னொரு கை. இலேசான கப் ஒரு கையில் அடங்கிய பிறகே மறுகை செல்போனுக்குக் கிடைத்தது. கிளாஸ் கருத்துக்கு இயற்கையான உச்சவரம்பும் இருந்தது: கடையில் எத்தனை கிளாஸோ அத்தனை பேர்தான் அதைக் கேட்க முடியும். செல்போனில் அந்த வரம்பு இல்லாததால்தான் வாட்ஸ்அப் நிறுவனம் 2018இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவர வேண்டியிருந்தது. ஒரு பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தாலும் ஐந்து பேர்தான் என்பதை அந்நிறுவனப் பொறியாளர்கள் எப்படியோ கண்டுகொண்டார்கள்.

இரண்டாவது எதிர்வாதம் கொல்கத்தாவிலிருந்து வருகிறது, அது கடினமானது. அங்கே டீ மண் குவளையில் தரப்படுகிறது; குடித்ததும் எறிந்துவிடுகிறார்கள். திருப்பித் தரும் கடப்பாடே கிடையாது. ஆனால் முடிவில்லாத பேச்சுக்கு 'அட்டா' என்று தனிப்பெயரே சூட்டிக் கொண்டாடும் ஊரும் அதுதான். நம் கோட்பாடு இங்கே உடைகிறதா? உடையவில்லை, சற்றே வளைகிறது. மண் குவளையைக் கொண்டு நடக்க முடியாது, சுடும், தளும்பும். குடித்து முடித்தால் எறிய இடம் கடையோரக் கூடைதான். ஆகவே குடிப்பவரும் அங்கேயே நிற்கிறார். எறிந்தது மண்ணாக இருப்பதால் மண்ணுக்குப் போகிறது. கருத்து மட்டும் மிஞ்சுகிறது. 2004இல் ரயில்வே அமைச்சர் லாலு பிரசாத் யாதவ் ரயில்களில் மண் குவளையைக் கொண்டுவந்தபோது அது ஏன் வேரூன்றவில்லை என்பதற்கும் இதில் விடையுண்டு: ரயில் பயணி ஏற்கெனவே பிணைக்கைதி, அவரைக் கட்டிப்போட இன்னொரு பாத்திரம் தேவையில்லை.

சுகாதாரத்தைக் காட்டும் மூன்றாவது எதிர்வாதத்தை விரைவாகக் கடக்கலாம். தூக்கியெறியும் கப் பிறந்ததே அமெரிக்காவில் காசநோய் பயத்தில்தான். கான்சஸ் மாநிலம் 1909இல் ரயில்களிலும் பள்ளிகளிலும் பொதுக் குவளையைத் தடை செய்தது, அந்தச் சந்தையைக் காகிதக் குவளை பிடித்துக்கொண்டது. ஆனால் அந்தப் பொதுக் குவளை கழுவப்படாமல் வாய்க்கு வாய் மாறியது. கொதிநீரில் அலசினால் தீரும் பிரச்சினைக்குக் கோடிக்கணக்கான கப்புகளைத் தீர்வாக்குவதற்கு, பாய்லரில் எந்நேரமும் வெந்நீர் கொதிக்கும் டீக்கடையைவிடப் பொருந்தாத இடம் இல்லை.

நான்காவது எதிர்வாதத்தை அப்படிக் கடக்க முடியாது. கண்ணாடி கிளாஸைப் பொற்காலச் சின்னமாக்கும் எவரும் இரட்டைக் குவளையைப் பற்றிப் பேசியாக வேண்டும். ஒரே கடையில் தலித்துகளுக்குத் தனிக் குவளை, அதை அவர்களே கழுவி ஓரத்தில் கவிழ்த்துவைக்க வேண்டும், பெஞ்சில் உட்காரக் கூடாது என்ற வழக்கம் தமிழகக் கிராமங்கள் பலவற்றில் இருந்தது. கடைகளிலும் உணவகங்களிலும் சாதியால் பாகுபாடு கூடாது என்று அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு 1950இலேயே சொல்லிவிட்ட பிறகும் இருந்தது. பிறகு சில இடங்களில் தூக்கியெறியும் கப் சட்டத்துக்கு டிமிக்கி கொடுக்கும் வழியாகியது: மற்றவர்களுக்குக் கிளாஸ், அவர்களுக்குக் கப். எல்லோருக்கும் ஒரே கப் வந்த கடையில் அது ஒரு சமத்துவமே. அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் இரட்டைக் குவளையின் வரலாறு நம் கோட்பாட்டை எவ்வளவு கொடுமையாக மெய்ப்பிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். குவளையை மறுத்தவர்கள் பெஞ்சையும் சேர்த்தே மறுத்தார்கள். தீர்ப்புச் சொல்லவும், மறுப்புச் சொல்லவும், மறுப்புக்குப் பதில் பெறவும் இருந்த உரிமையை அதோடு மறுத்தார்கள். பாத்திரம்தான் பேச்சுரிமையைத் தீர்மானிக்கிறது என்பதை அந்தக் கடைக்காரர்கள் எந்தப் பேராசிரியருக்கும் முன்பே அறிந்திருந்தார்கள். ஆகவே இக்கட்டுரை வேண்டுவது பழைய கிளாஸை அல்ல. ஒரே தொட்டியில் கழுவி, யாருக்கு வேண்டுமானாலும் கை போனபடி எடுத்துக் கொடுக்கும் கிளாஸை.

கிளாஸ் காலத்துக் கருத்துகள் மட்டும் உயர்ந்தவையா என்று கேட்கலாம். இல்லை. வதந்தியும் சாதிப் பெருமையும் நடிகர் புராணமும் அங்கே தாராளமாக ஓடின. கிளாஸ் கருத்தின் சிறப்பு ஒன்றே: சொன்னவர் அடுத்த நாளும் அதே பெஞ்சுக்கு வந்தாக வேண்டும், அங்கே நேற்று மறுத்தவர் உட்கார்ந்திருப்பார்.

இனி பரிந்துரை. திருப்பித் தரும் கடப்பாட்டைப் பணத்தால் உண்டாக்க முடியும் என்பது தமிழ்நாட்டில் ஏற்கெனவே சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. காட்டு விலங்குகளின் காலைக் கிழிக்கும் பாட்டில்களை ஒழிக்கச் சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்தியதன் பேரில், 2022இல் நீலகிரி மாவட்ட டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் தந்தால் திருப்பிக் கொடுத்தார்கள். பாட்டில்கள் திரும்பி வந்தன. திட்டம் பிற மாவட்டங்களுக்கும் விரிந்தது. குடித்தவரே பாட்டிலைத் திருப்பிக்கொண்டு வருகிறார் என்றால் டீ குடித்தவரிடம் எதிர்பார்ப்பதில் தவறில்லை. கருத்துக்கும் இம்முறையை நீட்டிக்கலாம். தேர்தலில் நிற்பவரிடம் நாம் ஏற்கெனவே டெபாசிட் வாங்குகிறோம்: சட்டமன்றத்துக்குப் பொதுப்பிரிவில் 10,000 ரூபாய், மக்களவைக்கு 25,000, பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் பணம் போயிற்று. அதே விதிப்படி, டீக்கடையில் அரசியல் பேச விரும்புபவர் பத்து ரூபாய் கட்டிவிட்டுப் பேசட்டும். மறுப்பை முழுக்கக் கேட்டுப் பதில் சொல்லிவிட்டுப் போனால் பணம் வாபஸ், தீர்ப்பை மட்டும் வீசிவிட்டு வண்டியைக் கிளப்பினால் டெபாசிட் காலி. நடுவராக டீ மாஸ்டரைத் தவிர வேறு யாரையும் நியமிக்க முடியாது. கடன் நோட்டைப் பராமரிக்கும் அனுபவம் அவருக்குத்தான் இருக்கிறது. நடைமுறைச் சிக்கலும் அவரேதான். எல்லாக் கட்சிக்காரர்களும் அவருடைய வாடிக்கையாளர்கள்; ஆளுங்கட்சிக்காரர் பேசும்போது "ஆமாண்ணே" என்பார், எதிர்க்கட்சிக்காரர் பேசும்போதும் "அதானேண்ணே" என்பார். முதல் வாரத்திலேயே எல்லோருடைய பத்து ரூபாயையும் அவரவர் டீக்கணக்கில் வரவு வைத்துவிடுவார்.