கூழைக்கடா சத்திரத்தில் கூழ் ஆராய்ச்சி

இங்கிலாந்தில் பெர்க்ஷயர் என்று ஒரு ஜில்லா. அதில் ஸ்பீன்ஹாம்லாந்து என்று ஓர் ஊர். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பசி எடுத்துவிடும். 1795-ம் வருஷம் மே 6-ம் தேதி அந்த ஊர்ப் பெலிக்கன் சத்திரத்தில் மாஜிஸ்திரேட்டுகள் கூடினார்கள். பெலிக்கன் என்றால் நம்மூர்க் கூழைக்கடா. ஏழைக்கு எத்தனை அகப்பை கூழ் ஊற்றலாம் என்று பேச இதைவிடப் பெயர்ப் பொருத்தமுள்ள இடம் அமையாது. அந்தச் சத்திரம் பில் தீட்டுவதில் பேர்போனது. அதைக் கிண்டல் செய்து பாட்டே கட்டியிருக்கிறார்கள்.

சங்கதி என்னவென்றால், பிரான்ஸோடு சண்டை, விளைச்சல் மோசம், ரொட்டி விலை கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிறது. பண்ணையாட்கள் வாங்குகிற கூலி வாய்க்கும் எட்டவில்லை, வயிற்றுக்கும் எட்டவில்லை. கூலியை இத்தனை என்று நிர்ணயித்துவிடலாமா என்று யோசிக்கத்தான் கூட்டம். ஆனால் வந்து உட்கார்ந்தவர்கள் நிலத்துக்காரர்களும் பாதிரிமார்களும். கூலி ஏறினால் யார் மடியை அவிழ்க்க வேண்டிவரும் என்பது அவர்களுக்குத் தெரியாதா? ஆகவே கூலியைத் தொட வேண்டாம், பண்ணைக்காரர்களைப் ‘பார்த்துப் போட்டுக் கொடுங்கள்’ என்று கேட்டுக்கொள்வோம், விழுகிற துண்டை ஊர் வரியிலிருந்து ஒட்டுவோம் என்று முடிவாயிற்று.

முடிவோடு ஓர் அட்டவணையும் போட்டார்கள். கிட்டத்தட்ட நாலு கிலோ ரொட்டி 1 ஷில்லிங் விற்றால், ஆண்பிள்ளைக்கு வாரம் 3 ஷில்லிங். பெண்டாட்டிக்கும் பிள்ளைகளுக்கும் தலைக்கு ஒன்றரை. ரொட்டி விலை 1 பென்னி ஏறினால் அவனுக்கு 3 பென்னி கூடும், அவளுக்கு 1 பென்னி கூடும். மனைவியின் இரைப்பை கணவனுடையதில் மூன்றில் ஒரு பங்குதான் விலைவாசியைக் கவனிக்கும் என்பது பெர்க்ஷயர் கண்டுபிடிப்பு.

இதற்கு முன்னால் ஏழைகளை மடியில் வைத்துக் கொஞ்சினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1601-லேயே சட்டம் உண்டு: அந்தந்தத் திருச்சபை வட்டம் தன் ஏழையைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். ‘தன் ஏழை’ யார் என்பதில்தான் தகராறு. கல்யாணமாகாத பெண்ணுக்குப் பிள்ளை எந்த வட்டத்தில் பிறக்கிறதோ அந்த வட்டத்தின் பொறுப்பு என்று வைத்திருந்தார்கள். அதனால் நிறைமாத ஏழைப் பெண் எவளாவது வந்துவிட்டால் அதிகாரிகளுக்கே இடுப்பு வலி வந்துவிடும். வண்டி கட்டி, எல்லைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டு வந்துதான் மூச்சு விடுவார்கள்.

மறுபடியும் அட்டவணைக்கு வருவோம். பண்ணைக்காரர்கள் கணக்கில் சூரர்கள். நாம் குறைத்தால் ஊர் வரி நிரப்பும். பிறகு நாம் ஏன் நிறையக் கொடுக்க வேண்டும்? இது எந்த அளவுக்கு நடந்தது என்று சரித்திரக்காரர்கள் இன்னும் கட்டிப்புரண்டுகொண்டிருக்கிறார்கள். எப்படியோ, வரி ஏறியது, வரி கட்டியவர்கள் முனகினார்கள், பழி மட்டும் பண்ணையாள் தலையில் விழுந்தது. ‘சும்மா கொடுத்துக் கொடுத்துச் சோம்பேறியாக்கிவிட்டோம்!’ கல்யாணப் பந்தியில் இரண்டாம் தடவை பாயசம் வாங்கிக்கொண்டே எங்கள் பெரியப்பா சொல்வாரே, அதே வசனம்.

இந்த வசனத்துக்குச் சாஸ்திர அந்தஸ்து கொடுத்தவர் தாமஸ் ராபர்ட் மால்தஸ். 1798-ல் புத்தகம் போட்டார். சோறு மெதுவாகப் பெருகும், ஜனம் வேகமாகப் பெருகும். ஏழைக்கு உதவினால் கல்யாணம் செய்துகொள்வான், பிள்ளை பெறுவான், கடைசியில் எல்லோரும் பட்டினி என்றார். உழைக்காமல் வாங்குவதன் தீமை அவருக்கு நன்றாகத் தெரியும். 1803-ல் வால்ஸ்பி என்ற ஊருக்குப் பாதிரியாக நியமனம் ஆனார். அந்த ஊரில் அவர் குடியிருக்கவில்லை. வருமானம் மட்டும் வீடு தேடி வந்தது.

அது போதாதென்று 1805-ல் கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திய ஹெய்லிபரி கல்லூரியில் பேராசிரியரும் ஆனார். இந்தியாவை ஆளப்போகும் பையன்களுக்குப் பாடம் நடத்தும் வேலை. சம்பளம் கம்பெனி கஜானாவிலிருந்து. அந்தக் கஜானாவுக்குப் பணம் தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் நிலவரியாகப் போனது. ஆக, ஏழைக்குக் கொடுத்தால் கெட்டுப்போவான் என்று பாடம் நடத்த நம்மூர்க் குடியானவனும் மொய் எழுதியிருக்கிறான்.

1834-ல் மால்தஸ் கண்ணை மூடினார். அதே வருஷம் புதிய ஏழைச் சட்டம் கண்ணைத் திறந்தது. அதன் மூளை எட்வின் சாட்விக். இவர் ஜெரமி பெந்தாமின் காரியதரிசியாக இருந்தவர். பெந்தாமோ, நாட்டிலுள்ள ஏழைகளையெல்லாம் மொத்தக் குத்தகைக்கு எடுக்க, கிழக்கிந்தியக் கம்பெனி மாதிரியே ஒரு கம்பெனி ஆரம்பிக்கலாம் என்று திட்டம் தீட்டிய மேதை. குருவுக்கேற்ற சிஷ்யன் போட்ட விதி: உதவி வேண்டுமானால் ‘ஒர்க்ஹவுஸ்’ என்ற கட்டடத்துக்குள் வா. உள்ளே புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். உள்ளே இருப்பவன் நிலைமை, வெளியே இருக்கும் கடைசிக் கூலிக்காரன் நிலைமையைவிட ஒரு படி கீழே இருக்க வேண்டும்.

சிக்கல் எங்கே என்றால், வெளியே இருந்த கடைசிக் கூலிக்காரனே பாதிப் பட்டினி. அவனுக்கும் ஒரு படி கீழே போவதென்றால் பள்ளம் தோண்டித்தான் போக வேண்டும். ஹாம்ப்ஷயரில் ஆண்டோவர் ஒர்க்ஹவுஸ்காரர்கள் தோண்டினார்கள். அங்கே ஆட்களுக்குக் கொடுத்த வேலை எலும்பு இடிப்பது. குதிரை எலும்பு, மாட்டெலும்பு எல்லாம் கூடை கூடையாக வரும். கனமான இரும்புக் கம்பத்தால் இடித்துத் தூளாக்கினால் வயலுக்கு உரம். 1845-ல் ஒரு ரகசியம் வெளியே வந்தது: இடிக்க வேண்டியவர்கள் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். பச்சை எலும்பு ஏதாவது வந்தால் உள்ளே இருக்கும் மஜ்ஜைக்கு அடிதடி. விசாரணை நடந்தது, பாராளுமன்றம் முகம் சுளித்தது, 1847-ல் ஏழைச் சட்டக் கமிஷனைக் கலைத்துவிட்டு ஏழைச் சட்ட வாரியம் அமைத்தார்கள். பெயர்ப்பலகை எழுதுகிறவனுக்கு வேலை கிடைத்தது. யாராவது ஓர் ஏழைக்கு லாபம்.

ஹெய்லிபரியில் படித்துத் தேறிய பிள்ளைகளில் ஒருவர் ரிச்சர்ட் டெம்பிள். இவரை அவசரப்பட்டுத் திட்டக்கூடாது. 1873-74-ல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான டன் அரிசி தருவித்துப் போட்டார். பட்டினிச் சாவு அநேகமாக இல்லை. உடனே மேலிடத்திலும் லண்டன் பத்திரிகைகளிலும் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார்கள். பஞ்சம் வந்தும் ஜனங்கள் சாகவில்லை என்றால் செலவுக் கணக்கில் ஏதோ ஊதாரித்தனம் நடந்திருக்கிறது! மனுஷன் வெந்து நொந்துபோனார். இனிமேல் இந்தத் தப்பைச் செய்வதில்லை என்று சங்கல்பம் எடுத்துக்கொண்டார்.

அடுத்த பரீட்சை நம்மூரில். தாது வருஷப் பஞ்சம். 1877 ஜனவரி 1-ம் தேதி டெல்லியில் விக்டோரியா மகாராணிக்குச் சக்கரவர்த்தினிப் பட்டம் சூட்டும் தர்பார். சுமார் 68,000 பேருக்கு ஒரு வாரச் சாப்பாடு. சென்னை மாகாணத்தில் ஜனங்கள் விழுந்துகொண்டிருக்க, கவர்னர் பக்கிங்காம் பிரபுவும் தர்பாருக்குப் போயாக வேண்டியிருந்தது. பந்தி நடத்திய வைஸ்ராய் லிட்டன் பிரபு, சென்னையில் நிவாரணச் செலவு தாராளமாகப் போகிறதாமே, போய்ப் பிடித்து நிறுத்து என்று டெம்பிளை அனுப்பினார்.

டெம்பிள் வந்தார். நிவாரண வேலையில் நாள் முழுக்க மண் சுமக்கும் ஆளுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்றார். அரைக் கிலோவுக்கும் குறைவு; அதோடு ஓர் அணா. சென்னை சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் குதித்தார். மாகாணத்துச் சனங்கள் என்ன சாப்பிடுகிறார்கள், ஜெயில் கைதிக்கு எவ்வளவு வேண்டும் என்று முன்பே ஆராய்ந்து எழுதியவர் அவர். ஒன்றரைப் பவுண்டாவது வேண்டும், பருப்பும் காய்கறியும் சேர்த்து வேண்டும் என்றார். சண்டை காகிதத்தில் நடந்தது; சாவு வெளியில் நடந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் படியை ஏற்றினார்கள். அதற்குள் டெம்பிள் பதவி உயர்வு பெற்றுப் பம்பாய் கவர்னராகப் போய்விட்டார். அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் அரைக் கோடிக்கும் மேல் என்பது பொதுவான மதிப்பீடு.

லிட்டன் பிரபு தாமும் ஒரு நடை சென்னைக்கு வந்து முகாம்களைப் பார்த்தார். அவர் கவிஞர் வேறு, கற்பனைக்குக் குறைவில்லை. இங்கே யாரும் வேலை செய்வதில்லை, கொழுத்துப் போயிருக்கிறார்கள், முகாமெல்லாம் பிக்னிக் மாதிரி இருக்கிறது என்று பெண்டாட்டிக்குக் கடிதம் எழுதினார். பக்கிங்காம் பிரபு முகாமைச் சுற்றிவருவது, பண்ணைக்காரர் தம் பரிசுப் பன்றிகள் கொழுப்பதைப் பார்த்துப் பூரிப்பதுபோல இருக்கிறதாம்.

அந்தப் பிக்னிக்குக்கு வந்தவர்கள், பொழுது போகாமல், அடையாற்றுக்கும் கூவத்துக்கும் நடுவே எட்டு கிலோமீட்டருக்கு ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். அதற்குப் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர்.