தெனாலிராமன் கட்சி

தத்தெடுத்த இரண்டு பூனைக்குட்டிகள் நாளை வீட்டுக்கு வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் எத்தனை கிண்ணம் பால் வைக்கலாம்?

தெனாலிராமனின் பூனை கேட்ட அளவு!

கிருஷ்ணதேவராயர் முன்னால் பாலைக் கண்டதும் தலைதெறிக்க ஓடியதே, அந்தப் பூனையின் கட்சிதான் இன்றைய கால்நடை மருத்துவர்களும். மாட்டுப்பால் பல குட்டிகளுக்குச் செரிக்காது, பேதியாகும். அத்தனை சின்ன உடம்பில் நீர் வற்ற அதிக நேரம் பிடிக்காது. 4 வாரம் தாண்டாத குட்டி என்றால், பூனைக்குட்டிகளுக்கென்றே விற்கும் பால்மாவு. 8 வாரம் ஆனதற்குக் குட்டித் தீனியும் தண்ணீரும் போதும்.

வந்ததும் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டால்?

ஒளியட்டும், இழுக்கக் கூடாது. ஒரே அறை, மணல் தட்டு, ஓர் அட்டைப்பெட்டி: முதல் சில நாட்களுக்கு அவற்றின் உலகம் அவ்வளவுதான். குட்டிகள் சுகமாகத் தூங்கும். குட்டி போட்ட பூனை மாதிரி அலையப்போவது கேள்வி கேட்டவர்!