பத்து சதவீதமும் ஒரு பொன்னாடையும்

தமிழில் எழுதி வாழ முடியாதென்று யார் சொன்னது? தாராளமாக வாழலாம், சம்பளம் மட்டும் வேறு இடத்திலிருந்து வர வேண்டும். சுஜாதாவுக்குப் பாரத் எலக்ட்ரானிக்ஸ், சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் ஜவுளிக்கடை, வண்ணதாசனுக்கு வங்கி, ஜெயமோகனுக்குத் தொலைபேசித் துறை. நவீன இலக்கியத்தின் ஆகப்பெரிய புரவலர் ஒன்றாம் தேதிதான்.

கணக்கு எளிது. 200 ரூபாய் புத்தகத்துக்கு வழக்கமான ராயல்டி 10 சதவீதம். அச்சடித்த 300 பிரதியும் விற்றால் 6,000 ரூபாய். நாவல் எழுத மூன்று வருஷம் ஆகியிருந்தால், மாதம் 167 ரூபாய்கூடத் தேறாது. அதுவும் பதிப்பாளருக்கு ஞாபகம் வந்தால்.

கவிஞர் பாடு வேறு. அவர் காசு வாங்குவதில்லை, கொடுக்கிறார். அச்சுச் செலவு, மண்டப வாடகை, போண்டா எல்லாம் அவருடையது. வந்தவர்கள் கையெழுத்திட்ட இலவசப் பிரதியோடு, "படிச்சுட்டுக் கூப்பிடறேன்" என்று கிளம்புகிறார்கள். மிஞ்சுவது பொன்னாடை. பீரோ நிறைய இருக்கிறது. எந்த ஜவுளிக்கடையும் திருப்பி எடுப்பதில்லை.

ஓவியரிடம் பேரம் நயமாக நடக்கும். "சின்ன அட்டைப்படம்தான் சார், உங்களுக்கு அரை மணி வேலை." ஏழாவது திருத்தம் முடிந்ததும், "முதல்ல போட்டதே நல்லா இருந்துச்சு" என்பார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவு வரைந்த ஆறு விரல் பாரதியை அனுப்பி, "லேசா சரிபண்ணிக் குடுங்க, பாதி ரேட் போட்டுக்கலாம்" என்கிறார்கள்.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு நாவலாசிரியர், கவிஞர், ஓவியர் மூவரும் வருவார்கள். கூட்டம் டெல்லி அப்பளக் கடையில் நிற்கும். அப்பளத்துக்கு யாரும் இலவசப் பிரதி கேட்பதில்லை.