கண்ணாடிக் கதவு போட்ட நூலகம்

எங்கள் வீட்டில் புத்தகங்கள் இருந்தது சேலை அட்டைப்பெட்டியில். சேலை நெய்யும் எங்கள் ஊர் இளம்பிள்ளையில் அந்தப் பெட்டிக்கு மட்டும் எந்தக் காலத்திலும் பஞ்சம் வந்ததில்லை. அம்மா அந்தப் பெட்டியைக் குப்பை என்பார். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது, “இந்தக் குப்பைய எடைக்குப் போட்றட்டுமா கண்ணு?” என்று கேட்பார். கேட்டுவிட்டுப் போட்ட வருஷமும் உண்டு, கேட்காமல் போட்ட வருஷமும் உண்டு.

குறை சொல்ல முடியாது. எடைக்குப் போனதெல்லாம் எடைக்கு வந்ததுதான். எண்பதுகளில் தறிக்குத் தார் சுற்றிய காசை எடுத்துக்கொண்டு பழைய பேப்பர் கடைக்குப் போவோம். அம்புலிமாமா, கோகுலம், 1972இல் இரும்புக்கை மாயாவியோடு சிவகாசியிலிருந்து கிளம்பிய முத்து காமிக்ஸ் எல்லாம் அங்கே குவிந்து கிடக்கும். கடைக்காரர் தராசுக்கு மாயாவியும் ஒன்றுதான், மளிகைக்கடைப் பேரேடும் ஒன்றுதான். மேலட்டை இல்லாத புத்தகத்துக்குத் தறியிலிருந்து கழித்துப்போட்ட ஜக்கார்டு அட்டையை வைத்துத் தைப்பேன். வரிசை வரிசையாக ஓட்டை போட்ட அட்டை. அம்புலிமாமாவுக்குத் தைத்தால், ஒரு ஓட்டை வழியாக வேதாளத்தின் கண் தெரியும். இன்னொன்றில் விக்கிரமாதித்தன் மூக்கு.

புதுப் புத்தகம் என்றால் ரஷ்யப் புத்தகம். சேலத்தில் நியூ செஞ்சுரி புத்தகக் கண்காட்சி போட்டால் அப்பா கூட்டிப்போவார். கெட்டி அட்டை, வழவழ தாள், வண்ணப் படம். விலையைப் பார்த்தால் வெறும் தாளுக்கே கட்டாது. அப்பா அமாவாசை தவறாமல் கஞ்சமலை சித்தர் கோயிலுக்குப் போகிறவர். மாஸ்கோ எதற்காக இளம்பிள்ளைப் பிள்ளைகளுக்குச் செலவு செய்கிறது என்று அவர் யோசித்ததில்லை. கைத்தறி சொசைட்டித் துணிக்குத் தள்ளுபடி மாதிரி இதற்கும் ஏதோ தள்ளுபடி என்று வைத்துக்கொண்டார். 1991இல் சோவியத் யூனியன் கலைந்ததும் தள்ளுபடி நின்றது. எங்கள் தெருவில் அதற்காக வருத்தப்பட்டது நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது நான் போனில் வீடியோ போட்டுச் சேலை விற்கிறேன். மகளுக்கு வீட்டு நூலகம் அமைத்தாயிற்று. பிளைவுட் அலமாரி, கண்ணாடிக் கதவு, உள்ளே விளக்கு, பூட்டு. ஆசாரி கூலியோடு 18,000 ரூபாய். உள்ளே இருக்கும் புத்தகங்களின் விலை அதில் கால்வாசி வராது. புத்தகம் அவ்வளவு மலிவு இன்றைக்கு. பாரதி புத்தகாலயமும் நேஷனல் புக் டிரஸ்டும் போடும் சிறுவர் நூல்களைச் சேலம் புத்தகத் திருவிழாவில் கழிவு போக ஒரு பை நிறைய அள்ளலாம். அந்த ரஷ்யப் புத்தகங்களில் நான் தவறவிட்ட ரஸ்கினின் ‘அப்பா சிறுவனாக இருந்தபோது’கூட மறுபதிப்பாக வந்துவிட்டது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளைக் காசே இல்லாமல் இறக்கிக்கொள்ளலாம். மாஸ்கோவே வெட்கப்படும் விலை! அலமாரிக்குத்தான் யாரும் தள்ளுபடி தருவதில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. தமிழ்நாட்டில் பொது நூலகச் சட்டம் 1948லேயே வந்துவிட்டது. சொத்து வரியோடு அதில் நூற்றுக்குப் பத்து நூலக வரியாகக் கட்டுகிறோம். ஓட்டு வீட்டில் இருந்த அப்பா கொஞ்சமாகக் கட்டினார், மாலையில் நூலகத்தில் போய் உட்கார்ந்து வட்டியும் முதலுமாகப் படித்துவிட்டு வந்தார். நான் மாடி கட்டியதில் வரி ஏறியது. வரியை ஒழுங்காகக் கட்டிவிட்டு, புத்தகத்தைக் கூரியரில் வரவழைக்கிறேன். சேலைப் பார்சல் எடுக்க வருகிற பையன்தான் அதையும் கொண்டுவருவான். கையில் தூக்கிப் பார்த்து, “ரிட்டன் வந்த சேலைங்களாண்ணா?” என்பான்.

மகள் கேட்டால் அலமாரியைத் திறந்து கொடுப்போம். கை கழுவியிருக்க வேண்டும், பக்கம் மடிக்கக் கூடாது, படித்ததும் அதே இடத்தில் வைக்க வேண்டும். அவள் கேட்பது குறைந்துகொண்டே வருகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் தவறாமல் அலமாரிமுன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

பழைய முத்து காமிக்ஸுக்குச் சேகரிப்பவர்கள் ஆயிரக்கணக்கில் தருகிறார்கள் என்று போன வாரம் அம்மாவிடம் சொன்னேன். மாயாவி அட்டையைப் போனில் காட்டினேன்.

“கிலோவுக்கா?”

“ஒரே புஸ்தகத்துக்கும்மா.”

அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு அலமாரியைப் பார்த்து, “அப்ப சாவிய எங்கிட்டக் குடு” என்றார்.