ஒரு சொல் பலன்

எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு தினசரிக் காலண்டர்கள் தொங்குகின்றன. ஒன்று நகைக்கடையில் கொடுத்தது. இன்னொன்று தெருமுனை மளிகைக்கடை உபயம். போன செவ்வாய்க்கிழமை என் ராசிக்கு நகைக்கடைக் காலண்டர் 'வரவு' என்றது. மளிகைக்கடை 'செலவு' என்றது. இரண்டும் பலித்தன. காலையில் பழைய பேப்பர் போட்டதில் 140 ரூபாய் வந்தது. சாயங்காலம் மிக்ஸி ஜாரைச் சரிபார்த்தவர் 150 வாங்கிக்கொண்டு போனார்.

ஒரு மனுஷனுடைய நாள் முழுவதையும் ஒரே சொல்லில் அடக்குவது லேசுப்பட்ட காரியமில்லை. 'அலைச்சல்' என்று ஒரு பலன் உண்டு. டவுன் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவனுக்கு அதைச் சொல்ல ஜோசியம் எதற்கு? 'பயம்' அதைவிட மோசம். காலையில் அதைப் படித்துவிட்டு ராத்திரி வரை பயந்துகொண்டே இருந்தேன். வேறொன்றும் நடக்கவில்லை. காலண்டர் ஜெயித்துவிட்டது.

எனக்கும் என் மேலதிகாரிக்கும் ஒரே ராசி. ஒருநாள் 'உயர்வு' என்று போட்டிருந்தது. அவருக்குப் பதவி உயர்ந்தது. என் மேஜையை மூன்றாவது மாடிக்கு மாற்றினார்கள். லிப்ட் கிடையாது.

அப்பாவுக்கு ராசிபலனில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. அவர் சூலம் பார்க்கிறவர். வியாழக்கிழமை தெற்கே சூலம்; அவசரமாக மதுரையிலிருந்து திருநெல்வேலி போகவேண்டும். நல்லவேளை, பரிகாரத்தையும் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள்: தைலம். ஒரு கை நல்லெண்ணெயை உச்சந்தலையில் தேய்த்துக்கொண்டு கிளம்பினார். கோவில்பட்டி தாண்டி பஸ் நின்றுவிட்டது. திரும்பி வந்தவர், "எண்ணெய் மட்டும் தேய்க்காம போயிருந்தா கவுந்திருக்கும்டா" என்றார்.

அவர் குளித்து விபூதி பூசிய பிறகுதான் தாளைக் கிழிப்பார். ஒருமுறை, தீபாவளி சீக்கிரம் வரட்டுமென்று நான் ஆறு தாளைச் சேர்த்துக் கிழித்துவிட்டேன். முதுகில் இரண்டு வைத்தார். அப்புறம் திண்ணையில் உட்கார்ந்து, சோற்றுப் பருக்கையை நசுக்கி, ஆறு நாளையும் வரிசையாக ஒட்டினார். அதில் ஒருநாள் தலைகீழாக ஒட்டிக்கொண்டது. அந்த வெள்ளிக்கிழமை ராகுகாலத்தை நாங்கள் எல்லாரும் கழுத்தைச் சாய்த்துத்தான் பார்த்தோம்.

சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்றைக்கே பூஜை போட்டு, அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்தை வெளியிட்டுவிடுகிறார்கள். அதாவது, வருகிற தைமாதம் எனக்கு வரப்போகிற 'சிக்கல்' ஐப்பசியிலேயே அச்சாகி, ஏதாவது லாரியில் ஏறியிருக்கும். நான் அது தெரியாமல் பட்டாசுக்குப் பேரம் பேசிக்கொண்டிருப்பேன்.

வருஷம் முடிந்தால் தாள் காலி. அட்டை காலியாவதில்லை. அதில் முருகன் இருக்கிறார், எப்படித் தூக்கிப்போடுவது? எங்கள் பீரோவுக்குப் பின்னால் முருகன் நாலு பேர், லட்சுமி மூன்று பேர், பிள்ளையார் ஒருத்தர் சுவரைப் பார்த்து நிற்கிறார்கள். முன்பாவது பிள்ளைகள் அட்டையில் ஒரு கிளிப்பை மாட்டிப் பரீட்சைக்குக் கொண்டுபோவார்கள். இப்போது அவர்களுக்குக் கடையில் வாங்கிய வழவழப்பான அட்டைதான் வேண்டும்.

கடைக்காரர்களும் மாறிவிட்டார்கள். புது வருஷத்துக்கு வாட்ஸாப்பில் ஒரு ரோஜாப்பூவை அனுப்பிவிட்டுக் கணக்கை முடித்துக்கொள்கிறார்கள். ரோஜாப்பூவை ஆணியில் மாட்ட முடியுமா? "போனிலேயே எல்லாம் வருதே" என்கிறாள் என் மகள். வருகிறது. ஆனால் நேற்றைய 'நஷ்ட'த்தைக் கையால் கிழித்து, கசக்கி, குப்பைக்கூடையில் போடுகிற சுகம் அதில் வரவில்லை.

இதைப் படிக்கிற கடைக்காரர் யாராவது இருந்தால் ஒரு விண்ணப்பம். ஜனவரிக்கு எனக்கு ஒரு காலண்டர் எடுத்துவையுங்கள். பெரிய சைஸ். சாமி படம் மட்டும் வேண்டாம். பீரோவுக்குப் பின்னால் இடமில்லை.